இன்றைக்கு எதை வரைவது

டம்ளர் ஆகிவிட்டது. சாவி ஆகிவிட்டது. குடை, சீப்பு, செருப்பு, விளக்குமாறு, சுவர்க் கடிகாரம், வாழைப்பழம், கத்தரிக்காய் எல்லாம் ஆகிவிட்டது. பூட்டு பாக்கி இருக்குமோ என்று நோட்டைப் பின்னால் புரட்டினால் நாற்பத்தேழாம் பக்கத்தில் பூட்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, கீழே நான் போட்ட அரை டிக். இன்றைக்கு நூற்று இருபத்தோராவது பக்கம். மணி மூன்றரை. நாலரைக்கெல்லாம் என் மனைவி தவமணி தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவாள். முகத்தைத் துடைத்துவிட்டு டீ கொடுத்தால் பாதி குடித்ததுமே இடது கையை நீட்டுவாள், நோட்டைக் கொடு என்று. அதற்குள் ஏதாவது ஒன்றை வரைந்தாக வேண்டும். முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டில் வரைவதற்கு ஒரு சாமான் கிடைக்காமல் ஒருவன் முழித்துக்கொண்டிருக்கிறான் என்றால் யாராவது நம்புவார்களா? அதுவும் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். பாலமும் மதகும் வரைந்த கை. மின்விசிறியைப் பார்க்கிறேன். ஆகிவிட்டது, ஒன்பதாம் பக்கம். அன்றைக்கு அவள் மின்விசிறியைப் பார்த்து "பூ" என்றாள், மூன்று இதழ் உள்ள பூ. தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் புள்ளிதான் வைத்தேன். தானாகச் சொன்னால் முழு டிக், முதல் எழுத்தை நான் எடுத்துக் கொடுத்துச் சொன்னால் அரை டிக், சொல்லாவிட்டால் ஒரு புள்ளி. ரேச்சல் மேடம் போட்ட சட்டம் அது. வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் தவமணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். என் மகள் பொற்கொடியை விடச் சின்னப் பெண், ஆனால் மேடம் என்றுதான் வாயில் வருகிறது.

நோட்டு பொற்கொடி வாங்கிக் கொடுத்தது. ஒரே மகள், ஓசூரில் வேலை. அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் பேச்சும் போனதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் திருச்சிக்கு பஸ் ஏறி வந்துவிடுகிறாள். கெட்டி அட்டை, கோடு போடாத தாள். "இதுக்குப் பேரு ஆர்ட் ஜர்னல்ப்பா. தினம் ஒரு சின்னப் படம், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரலாம்" என்றாள். போனிலும் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள், முப்பது நாளைக்கு முப்பது எளிய படங்கள் என்று. தொட்டியில் கள்ளிச்செடி, திமிங்கிலம், காளான், கப்கேக், பிறைநிலா மேல் உட்கார்ந்திருக்கும் பூனை, பனிமனிதன். தவமணி எந்தக் காலத்தில் பனிமனிதனைப் பார்த்தாள்? கொடைக்கானலுக்கே ஒருதடவைதான் கூட்டிக்கொண்டு போனேன், அங்கேயும் பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும்தான் மிச்சம். இருந்தாலும் மகள் அனுப்பினாளே என்று பனிமனிதனை வரைந்தேன், ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம். அவள் பார்த்தாள், பார்த்தாள், வாய் கோணிக்கொண்டு போயிற்று, அழப்போகிறாளோ என்று பயந்தேன். "இட்லி" என்றாள். அப்புறம் சிரித்தாள். உடம்பு முடியாமல் போன பிறகு முதல் சிரிப்பு அதுதான், பாதி முகத்தால் சிரித்தது. அதற்கு முழு டிக் போட்டேன். என் நோட்டு, என் டிக். திமிங்கிலத்தை வரையவில்லை. அவள் அதையும் மீன் குழம்பு என்று சொல்லியிருப்பாள், நானும் போட்டிருப்பேன். இப்போது அந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்க்கலாமா? கண்ணாடி எங்கே? கண்ணாடி வரைந்தாகிவிட்டது. வரைவதற்கு இல்லை, மூக்கில் போடுவதற்குத் தேடுகிறேன்.

முதல் நாள் டம்ளரை வரைந்தபோது நடந்ததை நினைத்தால் இன்னும் கூசுகிறது. பழக்கதோஷத்தில் பிளான் போட்டுவிட்டேன், மேலிருந்து பார்க்கிற மாதிரி. இரண்டு வட்டம், ஒன்றுக்குள் ஒன்று, மையக்கோடு கூட இழுத்திருந்தேன். தவமணி அதையே உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நாள் தட்டு, அதுவும் வட்டம். அடுத்த நாள் வாளி, அதுவும் வட்டம். மூன்று நாளும் புள்ளி. போச்சு, எல்லாம் போச்சு, டம்ளர் கூடத் தெரியவில்லை என்று பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வியாழக்கிழமை நோட்டைப் பார்த்த ரேச்சல் மேடம், "சார், எனக்கே இது என்னன்னு தெரியலையே" என்றார். பிறகு, "மேலேருந்து பாக்காதீங்க சார். அவங்களுக்கு எதிர்ல உக்காந்து பாருங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அவளை மேலிருந்துதானே பார்த்தேன். என்ன குழம்பு, ஏன் இன்னும் தோய்க்கவில்லை, எங்கே போனாய், யாரைக் கேட்டுப் போனாய். கணக்கெடுக்க வந்த அதிகாரி மாதிரி. அன்றைக்குச் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து டம்ளரைப் பலகை மேல் வைத்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து வரைந்தேன். "டம்பளர்" என்றாள். நடு எழுத்து கொஞ்சம் கூடிவிட்டது, ஆனால் டம்ளர்தான். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன்.

சாமானில் சிக்கல் இல்லை. சாமான் தீர்ந்தால் கடைத்தெருவில் கிடக்கிறது ஆயிரம். வரைய முடியாத வார்த்தைகள்தான் அறுக்கிறது. "பரவால்ல விடுங்க" என்பாளே, அதை எப்படி வரைவது? "இந்நேரத்துக்கு எங்க கிளம்பிட்டீங்க" என்பதற்கு என்ன படம்? கோபம் வந்தால் "சரி" என்று ஒரு சொல் சொல்வாள், அதில் ஒரு வீடே இடிந்து விழும். அந்தச் சரிக்கு நேரே நின்று பார்த்து வரைகிற எலிவேஷன் கிடையாது. வார்த்தை எல்லாம் உள்ளேதான் சார் இருக்கு, எடுக்கிற வழிதான் அடைபட்டிருக்கு என்கிறார் ரேச்சல் மேடம். உள்ளே இருக்கிறது என்றால் நானும் உள்ளே இருக்கிறேனா? இதுதான் கேள்வி. இந்த நாலு மாசமாக இதை ஒருவரிடமும் கேட்கவில்லை. சோறு ஊட்டுகிறேன், வாங்கிக்கொள்கிறாள். தலை வாரிவிடுகிறேன், பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். கை கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா செய்தபோதும் இதேபோலத்தான் இருந்தாள். இந்த ஆள் யார் என்று தெரிந்து பிடிக்கிறாளா, ஏதோ ஒரு கை என்று பிடிக்கிறாளா? பொற்கொடி வந்தால் கண் விரிகிறது, "பாப்பா" என்கிறாள். என்னைப் பார்த்தால் அப்படி எதுவும் விரிந்ததில்லை. பக்கத்திலேயே கிடக்கிற ஆளைப் பார்த்துக் கண் எதற்கு விரிய வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சமாதானம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

சமையலறைக்குள் வந்து நிற்கிறேன், இங்கே ஏதாவது கிடைக்கும். இட்லித் தட்டு ஆயிற்று, வடிகட்டி ஆயிற்று, தீப்பெட்டி ஆயிற்று, பூரிக்கட்டை ஆயிற்று. அதோ தொங்குகிறது. அதைப் பார்க்கவில்லை, அதற்குப் பக்கத்தில் உள்ள இடுக்கியைத்தான் பார்க்கிறேன். இடுக்கி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கரண்டியை மட்டும் வரையவில்லை. "கரண்டி, ஸ்பூன் எல்லாம் ஈசியா சொல்லிடுவாங்களே சார், ஏன் விட்டுட்டீங்க?" என்று ரேச்சல் மேடம் ஒருதடவை கேட்டார். "மறந்துட்டேன் மேடம்" என்றேன். மறக்கிற பொருளா அது? தவமணி என்னைக் கூப்பிடுவது கரண்டியால்தான். பேர் சொல்ல மாட்டாள், சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் பிறந்த ஊரில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வெளி ஆள் இருந்தால் "பொற்கொடி அப்பா". நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் அதுவும் கிடையாது, அடுப்படியிலிருந்து கரண்டியால் பாத்திர விளிம்பில் இரண்டு தட்டு. டீ ரெடி என்றாலும் அதுதான், பல்லி விழுந்துவிட்டது என்றாலும் அதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கும் தட்டினாள். முதல் நாள் ராத்திரி, தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் பெரம்பலூர் போக வேண்டும் என்று கேட்டிருந்தாள், எனக்கு முட்டி வலி, போக வேண்டாம் என்றிருந்தேன். "சரி" என்றாள், அந்தச் சரி. அதனால் காலையில் தட்டின சத்தம் கேட்டும் நான் எழவில்லை, முறைப்பாகத் தட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி மூன்று தட்டு. நியூஸ் சத்தத்தைக் கூட்டினேன். அப்புறம் ஒழுங்கில்லாமல் ஒன்று, கொஞ்சம் கழித்து ஒன்று. பிறகு ஏதோ விழுந்தது. "கோவத்தையெல்லாம் பாத்திரத்து மேல காட்டாத!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். உடம்பு விழுகிற நேரத்தில் அவள் என்னிடமிருந்து கேட்ட வார்த்தை அதுதான். விளம்பரம் வந்த பிறகு எழுந்து போனேன். சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கரண்டி இடது கையில் இருந்தது.

எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். ஏழே முக்கால் என்றேன். பொற்கொடியிடமும் ஏழே முக்கால். அரைமணி நேரத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அரைமணி நேரம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருத்திக்குப் பேச்சு வரவில்லை. இதில் கூத்து என்னவென்றால், அவளுக்குப் பேச்சு வரவேண்டும் என்று தினம் படம் வரைகிறவனும் நான்தான். ஒரு பேர் மட்டும் அவள் வாயில் இருந்திருந்தால், "மருதமுத்து" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், எவ்வளவு முறைப்பில் இருந்தாலும் நியூஸ் பார்த்திருக்க முடியாது, பதறி ஓடியிருப்பேன். வாய் கோணும்போதும் என் ஆயுசைக் காப்பாற்றியிருக்கிறாள், பைத்தியக்காரி. சொல்லட்டும். ஒருநாள் வார்த்தை எல்லாம் திரும்பி வந்து, மகள் முன்னால் உட்கார்ந்து, ஏழே காலுக்குத் தட்டினேன் இந்த ஆள் வரவில்லை என்று சொல்லட்டும். காறித் துப்பட்டும். திட்டுவதற்காவது நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

மணி நாலாகப் போகிறது. சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறேன், வேறு வழியில்லை. போன வியாழக்கிழமை நோட்டைப் புரட்டிவிட்டு ரேச்சல் மேடம் சொன்னார், "சாமான் எல்லாம் போதும் சார். இனிமே ஆளுங்கள வரைங்க. முதல்ல உங்கள வரைஞ்சு பேர் கேளுங்க." நாளைக்கு மறுபடி வியாழன். ஆறு நாளாக நான் பென்சில் சீவி, துண்டு, சோப்பு, தபால்பெட்டி, பல்லி என்று கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன். பயம்தான், வேறு என்ன? பயிற்சிக்குப் போன முதல் நாளே மேடம் கேட்டுவிட்டார், "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" தவமணி தலையைக் குனிந்துகொண்டாள். சேலைத் தலைப்பை இடது கை விரலில் சுற்றினாள். மேடம் தாளில் ஒரு பூஜ்யம் போட்டார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது, மேடம் அது பூஜ்யம் இல்லை, அவள் சொல்லமாட்டாள், பிரசவ வலியிலேயே சொல்லாதவள், நர்சு அதட்டினதற்கு "வெளிய நிக்கிறாருல்ல, அவரையே கேட்டுக்குங்க" என்று சொன்னவள், கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் மூன்று வயசுப் பொற்கொடியை முன்னால் தள்ளி "அப்பா பேரைச் சொல்லுடி" என்றவள். கல்யாணமான புதிதில் கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சியிருக்கிறேன், ஒருதடவை சொல்லு, யாரும் இல்லை, நான்தான் இருக்கிறேன் என்று. காது மடல் சிவந்துபோய், "நீங்க நூறு வருஷம் இருக்கணுமா வேணாமா?" என்றாள். இதையெல்லாம் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கே தெரியாது. வெட்கத்தில் குனிந்தாளா, தெரியாமல் குனிந்தாளா? வெட்கம்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்தக் குனிந்த தலையை வைத்துத்தான் நாலு மாசத்தை ஓட்டியிருக்கிறேன். இன்றைக்குப் படத்தைக் காட்டி, அவள் தபால்பெட்டியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால்? குனிய வேண்டும், அவ்வளவுதான். பேர் வேண்டாம், டிக் வேண்டாம். நாளைக்கு மேடம் இன்னொரு பூஜ்யம் போடட்டும். தலை குனிந்தால் போதும், நான் யாரென்று தெரிந்துதான் குனிகிறாள் என்று எடுத்துக்கொள்வேன்.

கண்ணாடி முன்னால் நோட்டோடு நிற்கிறேன். மனுஷ முகம் வரைந்து பழக்கமில்லை, பாலத்து வரைபடத்தில் அளவு தெரிவதற்காக ஒரு குச்சி ஆள் போடுவோம், அவ்வளவுதான் என் ஆள் வரைகிற லட்சணம். எளிமையாக இருக்க வேண்டும், நிழல் கூடாது, தேவையில்லாத கோடு கூடாது என்பது சட்டம். முட்டை மாதிரி ஒரு முகம். மூக்குக் கண்ணாடி. நெற்றி ஏறிவிட்டது, அதையும் ஏமாற்றாமல் போடுகிறேன். மீசையை மழித்து மூன்று மாசம் ஆகிறது, இவளைக் கவனிக்கிற வேலையில் அதைக் கத்தரிக்க நேரமில்லை என்று எடுத்துவிட்டேன். மீசையோடு வரையவா இல்லாமலா? அவளுக்குத் தெரிந்த ஆளுக்கு மீசை உண்டு. மீசை போடுகிறேன். பெரிதாகிவிட்டது, அழித்துச் சின்னதாக்குகிறேன். வலது காதுக்குக் கீழே மச்சம், புள்ளி. வாய் மட்டும் வரமாட்டேன் என்கிறது. சிரித்த மாதிரி போட்டால் நான் இல்லை, இறுக்கிப் போட்டால் அந்தக் காலை நேரத்து நான். பாதியில் நிறுத்தி, ஒரு நேர்க்கோடு இழுத்து விட்டுவிட்டேன். பரவாயில்லை, ஆள் அடையாளம் தெரிகிறது. பொற்கொடி பார்த்தால் அப்பா என்று உடனே சொல்லிவிடுவாள். உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது.

முகம் துடைத்துவிட்டேன். டீயை ஆற்றிக் கொடுத்தேன், பாதி குடித்தாள், இடது கையை நீட்டினாள். நோட்டை மடியில் வைத்துப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். "இது யாரு தவமணி? பாத்துச் சொல்லு, அவசரமில்ல" என்றேன். என் குரல் எனக்கே வேறு யார் குரலோ போல இருந்தது. பார்த்தாள். விரலால் மூக்குக் கண்ணாடியைத் தொட்டாள், மச்சத்தைத் தொட்டாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். குனி, குனி என்று மனசுக்குள் கெஞ்சினேன். உதடு கூடிக் கூடிப் பிரிந்தது. "ம... மரு..." என்றாள். நான் எழுத்து எடுத்துக் கொடுக்கவில்லை. "மரு... த... முத்து" என்றாள். முழுசாக, பிசகாமல். காது சிவக்கவில்லை. தலைப்பைத் தேடவில்லை. தபால்பெட்டிக்குச் சொன்னது போல, பல்லிக்குச் சொன்னது போலச் சொல்லிவிட்டு என் கையில் இருக்கிற பென்சிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், டிக் போடு என்று. எங்கே கற்றுக்கொண்டாள்? வாரா வாரம் வரவேற்பில் இருக்கிற பெண், "தவமணி மருதமுத்து, உள்ள வாங்க" என்று கூப்பிடுகிறதே, அங்கேதான். நோயாளிச் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள் என் பேரை. நாளைக்கு மேடம் கை தட்டுவார். பொற்கொடி போனிலேயே அழுவாள், "அப்பா, அம்மா உங்க பேரச் சொல்லிட்டாங்களாப்பா!" என்று. முப்பத்து நாலு வருஷம் கேட்க ஆசைப்பட்ட பேர். அதைச் சொல்லாதவள் ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள், அவளைத்தான் படம் படமாக வரைந்து தேடிக்கொண்டிருந்தேன், அவள் இனி வரமாட்டாள். பென்சிலை எடுத்து டிக் போட்டேன், முழு டிக். அதன் வால் நீண்டு மீசை வரைக்கும் போய்விட்டது. அவளுக்குத் திருப்தி இல்லை போல. சரியா தப்பா என்று என் வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு, எப்போதும் அப்படித்தான். என்னையே பார்த்து, கொஞ்சம் சத்தமாக, அலுவலகத்தில் புது ஆள் வந்து விசாரிக்கிற மாதிரி, "மருதமுத்து?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன். "நான்தாங்க."